பாதியில் நின்ற டேப்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. என் கண்ணெதிரே, பட்டப்பகலில், மதியம் இரண்டு பதினேழுக்குத் தொடங்கி நடந்தது.

'பகலில் பேயா?' என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவன்தான். என் பிழைப்பே எதையும் நம்பாமல் இருப்பது. காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரி. 'கிடங்கு தானாகவே தீப்பிடித்துவிட்டது', 'படிக்கட்டு வழுக்கிவிட்டது' என்று எழுதிக் கொடுப்பவர்களிடம் போய், அது நிஜமா என்று நோண்டிப் பார்ப்பேன். பதினான்கு வருஷமாக நோண்டுகிறேன். எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. எதைப் பார்த்தாலும் மணியோடு குறித்து வைப்பேன்.

அந்தப் பழக்கம்தான் இன்று என்னைக் கொல்கிறது. குறிக்காமல் இருந்திருந்தால், 'பிரமை' என்று உதறிவிட்டுப் போயிருப்பேன். நோட்டு இதோ, மேஜைமேல் கிடக்கிறது.

ஆரம்பித்து வைத்தது என் அக்கா.

"டேய், ஒரு ஆளைப் பத்தி விசாரிக்கணும்டா."

"யாரைக்கா?"

"உங்க அத்தானை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ். சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாலும் அத்தானைச் சந்தேகப்பட முடியாது.

"சிரிக்காத. ரெண்டு வியாழக்கிழமையா நடக்குது. மதியம் ரெண்டே காலுக்கு மேல போன் பண்ணினா எடுக்கிறதில்ல. ஆபீஸுக்கு அடிச்சேன். 'ரூம்ல ஆள் இல்லையே'ன்னாங்க. சாயங்காலம் கேட்டா, 'அங்கதானே இருந்தேன்'ங்கிறார். கண்ணைப் பார்த்து சொல்றார்டா. உன்னை மாதிரி முழிக்கக்கூட இல்ல."

"பேட்டரி, சிக்னல்..."

"சட்டையில சிகரெட் வாசனை. அவரு ஜென்மத்துல பிடிச்சதில்ல. கூடவே ஏதோ பவுடர் வாசனை. அப்புறம் இது."

அவள் நீட்டியது இரண்டு சின்னச் சீட்டுகள். ரோஸ் நிறம். பாதியாகக் கிழித்தவை. ஒன்றில் 'வரிசை 19'. இன்னொன்றில் 'வரிசை 11'.

"துணி துவைக்கும்போது பையில இருந்துச்சு. வேலை நேரத்துல எந்தச் சினிமா? யாரோட?"

அவள் குரல் உடைந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். என் அக்கா அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். தொழில் புத்தி. தாள் புத்தம் புதுசு. மை விரலில் ஒட்டியது. ஆனால் அப்படி ஒரு சீட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் அடித்ததல்ல. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்தது. எழுத்து ஒவ்வொன்றும் தாளில் அழுந்தி, பின்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

அப்போதே எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

அத்தானின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அவர் பழைய பாட்டு டேப்புகளைச் சுத்தம் செய்கிறவர். அந்தக் காலத்தில் மேடைக் கச்சேரிகளை சக்கரத்தில் சுற்றிய ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருப்பார்கள் இல்லையா? அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இருமல், தும்மல், நாற்காலிக் கிறீச்சல், குழந்தை அழுகை எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, பாட்டை மட்டும் மிச்சம் வைப்பார். வெட்டிய சத்தங்களைத் தனியாக ஒரு இடத்தில் போட்டு வைத்து, கடைசியில் அதை மட்டும் ஒருமுறை கேட்பார். தப்பித் தவறிப் பாட்டிலிருந்து ஒரு துளி அதில் போய்விட்டதா என்று பார்ப்பதற்கு. அதற்கு அவர் வைத்த பெயர், 'குப்பை கேட்கிறது'.

அத்தானுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஒரு பாடகி. ஒரு வரி முழுவதையும் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் பாடுவாராம். அதனால் ஜனங்கள் வைத்த பெயர், 'ஒத்தை மூச்சு அம்மா'. முப்பத்தெட்டு வயதில், புகழின் உச்சியில், திடீரென்று பாடுவதை நிறுத்திவிட்டார். சரியான காரணம் யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் நாற்பது வருஷம் உயிரோடு இருந்தும் வாயைத் திறக்கவே இல்லை. அவருடைய கடைசிக் கச்சேரி நடந்தது அத்தான் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பு.

"ஒரு ஒம்பது வருஷம் முன்னாடி பொறந்து தொலைச்சிருக்கலாம்" என்பார். "நேர்ல ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும். அப்புறம் என்ன ஆனாலும் பரவாயில்ல."

விருந்தாளிகள் முன்னால் இதைச் சொல்லும்போது அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நாங்கள் சிரிப்போம். இப்போது அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்னொன்று. நல்ல பாட்டைக் கேட்டால் மற்றவர்கள் 'ஆஹா' என்பார்கள். அத்தான் "அடடா... போச்சு போ!" என்பார். அவர் கல்யாணத்தன்று யாரோ நன்றாகப் பாட, இவர் மாப்பிள்ளைக் கோலத்தில் "போச்சு போ!" என்று கத்த, எங்கப்பா பதறி ஓடிவந்து, "என்ன மாப்ளே, என்ன தொலைஞ்சு போச்சு?" என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். உலகத்தில் வேறு யாரும் பாட்டைக் கேட்டு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை, மதியம் 1.40. நான் அத்தானின் ஆபீஸில் இருந்தேன். 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று பொய்.

மூன்றாவது மாடி. நீளமான கூடம். இரண்டு பக்கமும் டேப் டப்பா அடுக்கிய இரும்பு அலமாரி. கூடத்தின் கோடியில் அத்தானின் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஜன்னல் கிடையாது. ஒரு கதவு. கூடத்தைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு மேஜை. அங்கே பட்டியல் மேடம். எந்த டேப் எங்கே, எத்தனை நிமிஷம், யார் எடுத்தார்கள் என்று பதிவு வைப்பவர். அவரைத் தாண்டாமல் ஈ கூட வெளியே போக முடியாது.

"வியாழக்கிழமைதான் உருப்படியா வேலை ஓடும் மச்சான்" என்றார் அத்தான். "மேல்மாடியில தையல் கம்பெனி. இன்னிக்கு அவங்களுக்கு லீவு. இல்லாட்டி தடதடன்னு உயிரை எடுப்பாங்க."

முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். கள்ளமே இல்லாத முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் கிடங்கைக் கொளுத்தியவர்கள்.

2.10. அவர் உள்ளே போனார். கதவு மூடியது. அவர் பார்க்காதபோது, கதவுக்கும் நிலைக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினேன். கதவு திறந்தால் கிழியும். பழைய வித்தை.

2.17. ஹெட்போனை மாட்டினார். ஸ்பூல் சுழல ஆரம்பித்தது.

2.19. "சார், வருகைப் பதிவேட்டுல கையெழுத்து" என்றார் பட்டியல் மேடம். குனிந்து பெயர், நேரம், கையெழுத்து போட்டேன். பத்து நொடி இருக்கும். நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

ஸ்பூல் சுழன்றுகொண்டிருந்தது. ஹெட்போன் நாற்காலிக் கையில் தொங்கி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க போனார்?"

மேடம் நிமிரக்கூட இல்லை. "வியாழக்கிழமைன்னா இப்படித்தான். பின்னாடி வேற வழி இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நமக்கெதுக்கு வம்பு?"

வேற வழியா? பத்தடி அறையில்?

கதவருகே போனேன். காகிதம் கிழியவில்லை. சரி, ஆள் வரட்டும், கையும் களவுமாகப் பிடிப்போம் என்று கண்ணாடியை ஒட்டி நின்றேன். 2.30. 2.45. கண்ணை எடுக்கவில்லை. ஸ்பூல் தீரும் நேரம். 3.04. தொங்கிய ஹெட்போனிலிருந்து கண்ணாடி வழியாகக்கூட மெலிதாக ஒரு சத்தம் வந்தது. மழை மாதிரி. கைதட்டல். ஒரு தடவை இமைத்திருப்பேன்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளினேன். என் காகிதம் அப்போதுதான் கிழிந்தது.

"எங்க போனீங்க அத்தான்?"

"எங்க போனேன்? இங்கதான் இருந்தேன். கொஞ்சம் கண் அசந்துட்டேன் போல... ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவர் சட்டையில் சிகரெட் வாசனை. பையில் ஏதோ ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. உருவினேன்.

'வரிசை 4'.

அவர் அந்தச் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் சுருங்கியது.

"நீதான் வைக்கிறியா இதெல்லாம்?"

"நானா? நல்லாருக்கு கதை! அக்கா உங்களைச் சந்தேகப்படறா. நான் உளவு பார்க்க வந்தவன். போதுமா?"

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் திருடனைப் பிடித்த மாதிரி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அத்தான் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ பொய்யைக் கண்டுபிடிக்கிறவன்தானே? இதைக் கண்டுபிடி. யாரோ என்னை வச்சு விளையாடுறாங்க. நீயா, மேடமா, வேற எவனோ."

மூன்று வாரத்துக் குப்பையையும் கேட்க வைத்தார்.

முதல் வாரம். இருமல். செருப்புச் சத்தம். யாரோ மூக்கு உறிஞ்சுகிறார்கள். அப்புறம் வெகு தூரத்தில், கூட்டத்தின் பின்னாலிருந்து...

"அடடா... போச்சு போ!"

மறுபடி போடச் சொன்னேன்.

இரண்டாம் வாரம். வேறு ஊர், வேறு வருஷத்துக் கச்சேரி. அதே குரல். இன்னும் கிட்டத்தில். சற்று முன் ஏற்றிய மூன்றாவதில் மேடைக்கு வெகு அருகே. மூச்சுவாங்கல்கூடக் கேட்டது.

அத்தானின் குரல். அத்தான் பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு பிடித்த டேப்பில்.

நான் விடவில்லை. கம்ப்யூட்டரில் யாரோ கலந்திருக்கிறார்கள் என்றேன். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று ஸ்பூலைக் கழற்றி, எதனோடும் இணைக்காத ஒரு பழைய டேப் மெஷினில் போட்டுக் கேட்டோம். அதிலும் இருந்தது. பஞ்சுச் சுவரைத் தட்டினேன். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேடத்தின் மேஜை டிராயரைக்கூட அவர் டீ குடிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, இரண்டு மாத்திரை அட்டை.

"இந்த வேலையை விட்டுடுங்க அத்தான். வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அவங்களோட கடைசிக் கச்சேரி. அதுக்காகத்தான் இத்தனை வருஷம்..." அவர் கண்ணில் இருந்தது பயமில்லை. ஆசை. "ஏன் பாடுறதை நிறுத்தினாங்கன்னு ஒருவேளை அதுல தெரியும்."

கிளம்பும்போது பேச்சை மாற்ற, "கைதட்டலை மட்டும் ஏன் வெட்டாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதை வெட்டச் சொல்லி மேலிடத்துல ஒரே நச்சரிப்பு. நான் மாட்டேன். கைதட்டினாத்தானே ஜனங்க எழுந்து வீட்டுக்குப் போவாங்க? வெட்டிட்டா அங்கேயே உக்காந்திருப்பாங்க. பாவம்."

அவர் சிரித்தார். அது அவருடைய பழைய ஜோக். இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

அக்காவிடம் என்ன சொல்வது? "அத்தானுக்கு வேற பொம்பளை இல்லக்கா. அந்தப் பாட்டுக்கார அம்மாதான்" என்றேன்.

"உயிரோட இருக்கிறவளா இருந்தா நேரா போய் நாலு கேள்வி கேப்பேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "அடுத்த வியாழனும் நீ போடா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அவரை முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

முழுசா. ஏன் அந்த வார்த்தையைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வியாழன். 1.30.

கடைசி டேப்பின் டப்பா மேஜைமேல் இருந்தது. தகர மூடியில் பழைய நீல மையில் ஒரு வரி. 'பாதியில் நின்றது'.

"நானும் உள்ள உக்காருறேன்" என்றேன்.

"மூச்சு விடுற சத்தம்கூடத் தொந்தரவுப்பா. வெளிய இரு."

"கதவு தாழ்ப்பாள் போடக்கூடாது."

"சரிப்பா, சரி."

2.10. உள்ளே போனார். புதுச் சட்டை போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். ஆபீஸ் வேலைக்கு யார் இப்படி வருவார்கள்?

2.17. ஸ்பூல் சுழன்றது.

இந்தத் தடவை நான் குனியவில்லை. மேடம் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. இமைக்காமல் பார்த்தேன். கண் எரிந்தது. நீர் கோத்தது. கோத்த நீர் கன்னத்தில் வழிந்த அந்த ஒரு நொடியில்...

நாற்காலி காலி. 2.19. போன வாரம் போலக் கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன்; 2.28-க்கு மூடியில் இருந்த அந்த வரி உறுத்தியது.

"மேடம், இந்தக் கடைசிக் கச்சேரியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். விரலால் தடவிப் படித்தார். "நீளம் இருபத்து நாலு நிமிஷம். மதியக் கச்சேரி. அன்னிக்குத்தானே சார் அந்த மண்டபம் இடிஞ்சுது? இருபத்து மூணு பேர் போயிட்டாங்களே. தெரியாதா உங்களுக்கு? அதனாலதான் டேப்பு பாதியில நிக்குது. உங்க அத்தானுக்குத் தெரியும், ஆனா 'அதுக்காக யாராவது பாட்டையே விடுவாங்களா'ம்பார்."

போன வாரக் குறிப்பைப் புரட்டினேன். 3.04, கைதட்டல்.

"அப்ப கடைசியில கைதட்டல்...?"

"பாட்டே முடியல. கைதட்டல் ஏது?"

இருபத்து நாலு நிமிஷம். 2.17-உடன் கூட்டினேன். 2.41.

கைதட்டினாத்தானே எழுந்து வீட்டுக்குப் போவாங்க...

அறைக்குள் ஓடினேன். மெஷினை நிறுத்தலாமா? கை பொத்தான் வரை போய் நின்றுவிட்டது. நிறுத்தினால்? அவர் எங்கே நிற்பார்?

ஹெட்போனை மாட்டினேன். 2.31.

அவ்வளவு பெரிய இடம். காதுக்குள் ஒரு மண்டபமே விரிந்தது. ஆயிரம் பேர் மூச்சடக்கி இருக்கும் அமைதி. அதன் நடுவே ஒரே ஒரு குரல். நான் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் கை தானாக நாற்காலியைப் பிடித்தது. குரல் ஏறியது. ஏறியது. இன்னும் மூச்சு வாங்கவில்லை. இன்னும்...

"அடடா..."

முன்வரிசை. மிகக் கிட்டத்தில்.

"...போச்சு போ!"

2.35. ஸ்பூலில் கொஞ்சம்தான் மிச்சம்.

"அத்தான்!"

பாட்டு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

2.37. எங்கோ மேலே ஒரு சத்தம். மரம் முனகுவது மாதிரி. டேப்பிலா? என் தலைக்கு மேலா? மேல்மாடியில் இன்று லீவு.

அக்காவின் முகம் கண்முன் வந்தது. முழுசா.

கைதட்டினேன்.

பைத்தியக்காரன் மாதிரி, பஞ்சுச் சுவருக்கு நடுவே, தனியாக. ஒன்று. இரண்டு. மூன்று. ஆறு தடவை. நிறுத்திக் கேட்டேன்.

குரல் நின்றுவிட்டது.

பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

மறுபடி தட்டினேன். மூன்று தடவை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"எழுந்து வாங்க! வெளிய வாங்க! எழுந்து வாங்க!"

அப்போதுதான் பார்த்தேன். மேஜைமேல் இருந்த மைக்கில், அத்தான் குறிப்புச் சொல்லிப் பதிவு செய்யும் அந்தச் சின்ன மைக்கில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அதைத் தொடவே இல்லை.

2.38.

தோளில் ஒரு கை விழுந்தது.

"எந்த மடையன்யா அது?"

அத்தான். வியர்த்து வழிந்தது. கோபத்தில் உதடு துடித்தது.

"பாதியில கைதட்டுறான்! மூச்சை இழுத்துப் பிடிச்சு உச்சியில நின்னாங்கடா... அப்பப் போய்... அவங்க முகம் எப்படிச் சுருங்கிப் போச்சு தெரியுமா?"

நான் மெஷினை நிறுத்தினேன். அவரை இறுகக் கட்டிக்கொண்டேன். சிகரெட், பவுடர், கூட்டத்து வியர்வை எல்லாம் சேர்ந்து அவர்மேல் வீசியது. ஆள் முழுசாக இருந்தார்.

"கனவு போல" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நல்ல கனவு. கெடுத்துட்டான்."

டாக்ஸி பிடித்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அக்கா வாசலிலேயே நின்றாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் கடைசி.

சனிக்கிழமை அத்தான் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மிச்ச டேப்பையும் ஏத்திட்டேன் மச்சான். ஒண்ணும் ஆகல, இங்கயேதான் இருந்தேன். இப்பதான் குப்பையைக் கேட்டேன்." பின்னால் ஏதோ மெஷினை நிறுத்துகிற சத்தம். "அந்தக் கைதட்டல் இருக்கு. ஒரே ஒரு ஆள். அப்புறம் ஒரு குரல். யார் குரல்னு எனக்குத் தெரியும்." செருமினார். "வெட்டவா, வைக்கவா?"

"வெட்டிடுங்க அத்தான்" என்றேன். சட்டென்று.

"அதுக்கு அப்புறம் மூணு நிமிஷம் இருக்கு. அதைக் கேட்டியா நீ?"

"இல்ல."

"கேக்காத" என்றார். போனை வைத்துவிட்டார்.

கேட்காதே என்றால் விடுகிற ஆளா நான்? எங்கள் கம்பெனியின் அடித்தளத்தில் பழைய கோப்பு அறை ஒன்று இருக்கிறது. ஒருகாலத்தில் வேறொரு சின்னக் கம்பெனியை எங்களோடு சேர்த்தபோது வந்த விசாரணைக் கோப்புகள் அங்கே மக்கிக்கொண்டிருக்கின்றன. திங்கட்கிழமை தேடினேன். மூன்று மணி நேரம். கிடைத்தது. அந்த மண்டபத்துக் கோப்பு.

என்னைப்போல் ஒரு விசாரணை அதிகாரி எழுதியது. அவரும் மணி குறிக்கிறவர்.

'மதியம் 2.41-க்கு இடிந்தது மண்டபத்தின் முகப்பு மாடம் மட்டுமே. வாசலுக்கு மேலே இருந்தது. உள்ளே ஒரு துளி காரைகூட உதிரவில்லை. இருக்கையை விட்டு எழாதவர்களில் எவருக்கும் கீறல்கூட இல்லை. இறந்த இருபத்து மூவரும் வாசலுக்கு வந்தவர்கள்.'

பக்கத்தைத் திருப்பினேன்.

சீட்டுக் கிழிப்பவரின் வாக்குமூலம்: 'பாட்டு நடுவில் இருந்தது. 2.38 இருக்கும். யாரோ கைதட்டினார். ஆறு தடவை. நிறுத்தி, மூன்று தடவை. பிறகு ஆண் குரல். எழுந்து வாங்க, வெளியே வாங்க என்று. ஒலிபெருக்கியில் வந்தது. ஏதோ ஆபத்து என்று நினைத்துப் பின்வரிசை ஜனங்கள் வாசலுக்கு ஓடினார்கள்.'

முன்வரிசையில் இருந்த ஒருவர்: 'என் பக்கத்து இருக்கைக்காரர் எந்த மடையன் என்று திட்டினார். திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலி. அவர் எழுந்துபோனதை நான் பார்க்கவில்லை.'

கடைசியாகப் பாடகியின் வாக்குமூலம். இரண்டே வரி.

'அந்தக் குரல் என் எதிரே இருந்த மைக்கிலிருந்து வந்தது. இனி நான் மேடையில் பாடமாட்டேன். யாரும் எனக்குக் கைதட்ட வேண்டாம்.'

அதற்குக் கீழே கோடு போட்டு ஒரு கட்டம். 'ஜனங்களை வெளியே அழைத்தவர் பெயர்'. எதிரே எதுவும் எழுதவில்லை. காலி.

விசாரணை அதிகாரி காலிக் கட்டத்தோடு கோப்பை மூடக்கூடாது. எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

பேனாவின் மூடியைக் கழற்றினேன். பழக்கதோஷம், மணி பார்த்தேன்.

2.38.